ராவுத்தர் மாடிக்கு எதிரே நின்றவர்

சனிக்கிழமை காலை ஆனையூர் வீட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்புகிறதா என்று மொட்டைமாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. மெஹருன்னிசா அக்காவின் தம்பி அன்வர். "அண்ணே, அக்கா மவுத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றார். தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து வீட்டுக் கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்து, அந்த வீட்டம்மா கீழேயிருந்து சத்தம் போட்ட பிறகுதான் மோட்டாரை நிறுத்தினேன்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். அக்கா போய்விட்டார், அந்த ஆள் மட்டும் இன்னும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் முதலில் மனதில் பட்டது. அக்காவோடு பழகியவர்கள் இதைப் படித்து முகம் சுளிக்கமாட்டீர்கள். "எனக்கு இரங்கல் கூட்டம் போட்டு, சாந்த சொரூபின்னு எவனாச்சும் பேசுனா எந்திரிச்சு வந்து மைக்கப் புடுங்கிருவேன்" என்று அவரே சொல்லியிருக்கிறார். மைக்கைப் பறிகொடுக்க எனக்கு விருப்பமில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அக்கா எங்கள் கல்லூரியில் வரலாறு நடத்தியவர். நான் தமிழ். மாசி வீதிகளைத் தாண்டி வெளியே வந்தால் வரும் பெட்டிக்காரத் தெருதான் அவர் பிறந்த இடம். கல்யாணச் சீருக்குத் தகரப்பெட்டி வாங்க ஒரு காலத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க அங்கே வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இன்று ஜவுளியும் செல்போன் உறையும் விற்கிறார்கள். அந்தத் தெருவில் எந்தக் கட்டடத்தை யார் எழுப்பினார், யார் யாரிடமிருந்து வாங்கினார், எது எப்போது எரிந்தது என்று அக்காவுக்குத் தெரியாதது கிடையாது. பணி ஓய்வுக்குப் பிறகு ஞாயிறுதோறும் காலையில், வந்தவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவில் நடந்து கதை சொல்வார். இதைப் படிக்கிற உங்களில் பலர் அந்த நடையில் கால் வலிக்க நின்றவர்கள்தான்.

என்னை அவர் முதலில் அங்கே கூட்டிப்போனது விடைத்தாள் திருத்தும் வேலை சீக்கிரம் முடிந்த ஒரு மத்தியானம். "கட்டடத்தோட மொகத்தப் பாக்காதீங்க தமிழய்யா, அது பூரா பெயிண்டு. தலையப் பாருங்க" என்றார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு ஷேர் ஆட்டோவில் மோதப் போனேன். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து ஓரத்தில் நிறுத்திவிட்டு, பாடத்தைத் தொடர்ந்தார். லாட்ஜின் கைப்பிடிச் சுவர் பக்கத்து நகைக்கடையைவிட ஒரு சாண் உயரம். நகைக்கடைக்காரர் பதிலுக்கு மேலே ஒரு கலசம் வைத்தார். லாட்ஜ்காரர் கலசத்துக்குப் பதிலடியாகக் கொடிக்கம்பம் நட்டார். தெரு முழுக்க இதே கதை. "சுண்ணாம்பும் கருப்பட்டியும் போட்டுக் கட்டுனதுன்னு எழுதுவாய்ங்க. பொய்யி. இந்தத் தெருவக் கட்டுனது வீம்பு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை இப்போதும் பார்க்கிறேன்.

பெருமைக்குக் காரணம் உண்டு. தெருவின் நடுவில் இருந்த ராவுத்தர் மாடி அவருடைய அத்தாவின் அத்தா கட்டியது. எதிரே அரிசி மண்டிக்காரர் தன் கட்டடத்தின் உச்சியில் சுதையில் இரண்டு குதிரைகளை நிறுத்தினாராம். குதிரையின் காது ராவுத்தர் மாடியைவிட உயர்ந்துவிட்டது. ராவுத்தர் கொத்தனாரைக் கூப்பிட்டு, குதிரைக் காதுக்கு மேல் ஒரு முழம் ஏற்றி ஒரு நெற்றிச்சுவர் எழுப்பி, அதில் தன் பெயரைச் சுண்ணாம்பில் புடைப்பாக எழுதச் சொல்லிவிட்டார். 'அப்துல் காதர் ராவுத்தர் பெட்டி சாலை.' தெருவின் இரு முனையிலிருந்தும் படிக்கலாம். "எங்க பாட்டனார் ஒண்ணும் மகான் இல்ல. அம்புட்டும் கோவம். ஆனா கோவத்த எம்புட்டு அழகா வச்சிருக்காரு பாருங்க" என்று அக்கா சிரிப்பார்.

எனக்கு அந்தப் பெயர்மேல் ஒரு தனிப் பிடிப்பு வந்ததற்கும் அக்காதான் காரணம். டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் என் ஊர். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு கிணறு இருக்கிறது. அப்பாவும் அவர் கூட்டாளிகளும் பாறையை உடைத்துத் தோண்டியது. அதை ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னபோது அக்கா, "கெணத்துல யார் பேரு இருக்கு?" என்று கேட்டார். நிலத்துக்காரர் பெயர் என்றேன். "அப்ப ஒங்களுக்கு நான் ஒண்ணும் வெளக்க வேண்டியதில்ல" என்றார். அன்றிலிருந்து அவருடைய சண்டை எல்லாம் எனக்கும் சண்டைதான்.

இனி அந்த ஆளுக்கு வருகிறேன். ராவுத்தர் மாடியின் கீழ்த்தளத்தை ஜவுளிக்கடைக்கு வாடகைக்கு எடுத்தவர் அவர். பிறகு அக்காவின் பெரியப்பா பிள்ளைகளிடம் பேசி மொத்தக் கட்டடத்தையும் வாங்கிக்கொண்டார். கிரயத்துக்கு முன்னால் அக்கா வீட்டுக்கு வந்து, படுக்கையில் கிடந்த அக்காவின் அம்மா முன்னால் உட்கார்ந்து, "அம்மா, உள்ள மராமத்து பாத்துக்கிருவேன். மேல இருக்க பேரு மட்டும் அப்படியே இருக்கும். இது என் வாக்கு" என்று சொன்னார். டீ குடித்தார். அந்த அம்மா அவர் தலையில் கை வைத்து துவா செய்தார்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் அந்த அம்மா காலமானார். உடல் வைத்த சந்தூக்கை அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனோம். நம் தெருக்களில் எந்தச் சாவு போனாலும் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கி, வெளியே வந்து நிற்பார்கள். யார், எந்த மதம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. அன்றும் லாட்ஜ், நகைக்கடை, செல்போன் கடை எல்லாம் பாதி இறங்கி நின்றன. இந்த ஒரு கடை மட்டும் முழுக்கத் திறந்து, வாசலில் ஒலிபெருக்கி வைத்து, ஆடித் தள்ளுபடி என்று கத்திக்கொண்டிருந்தது. துக்கத்துக்கு அக்கா வீட்டோடு இருந்தார். மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்து வெளியே வந்தபோது, ராவுத்தர் மாடியின் உச்சியில் வானம் தெரிந்தது. பெயர் இருந்த நெற்றிச்சுவர் டிராக்டரில் ஏறிப் போயிருந்தது. வீட்டுக்காரர்கள் யாரும் வெளியே வரமாட்டார்கள் என்று பார்த்து, அந்த நாட்களில் இடித்திருக்கிறார்கள். நான் கூடவே இருந்தேன். அக்கா கடைக்குள் போய்க் கேட்டார். "என்னக்கா நீங்க, பழைய காரை. பேந்து கஸ்டமர் தலைல விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் ஒரு பையனைப் பார்த்து, "அக்காவுக்கு கூல்டிரிங்ஸ் எடுத்துட்டு வாடா" என்றார். அந்தக் கூல்டிரிங்ஸை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல் நறநறக்கிறது.

சில மாதங்களில் கட்டடத்தின் முகம் முழுக்க நீலக் கண்ணாடி ஒட்டினார். வாசலில் பெரிய பலகை வந்தது. 'தாத்தா காலத்துப் பாரம்பரியம்.' யாருடைய தாத்தா? அவருடைய தாத்தா இந்தத் தெருவில் காலே வைத்ததில்லை. அக்கா அன்றிலிருந்து அவரைக் கண்ணாடிக்காரன் என்றுதான் சொன்னார். பெயரை ஒருமுறையும் உச்சரித்ததில்லை. ஏனென்று கேட்டதற்கு, "நல்லது செஞ்சவனுக்குப் பேர எழுதணும். கெட்டது செஞ்சவனுக்கு செஞ்சத மட்டும் எழுதணும். பேரையும் எழுதுனா அது அவனுக்கு எலவச வெளம்பரம்" என்றார். வரலாற்றுத் துறையில் இத்தனை வருடம் இருந்தவர் கண்டுபிடித்த தண்டனை இது.

ஞாயிறு நடை தொடங்கியதே அதற்குப் பிறகுதான். பலருக்கு இது தெரியாது. தெருவின் தொன்மையைப் பரப்புவதற்காக என்று பத்திரிகையில் எழுதினார்கள். அக்கா அதைப் படித்துவிட்டு, "தொன்மையாம்ல? நான் அவன் கண்ணுல உறுத்தத்தான் வாரேன்" என்று என்னிடம் சொன்னார். லாட்ஜுக்குக் கொஞ்சம், நகைக்கடைக்குக் கொஞ்சம், குதிரைகளுக்குக் கொஞ்சம் என்று பேசி வருவார். கண்ணாடிக் கடைக்கு நேர் எதிரே, பாண்டியம்மா பருத்திப்பால் விற்கும் இடத்தில் வந்ததும் நிலையாக நின்றுகொள்வார். அங்கேதான் வகுப்பு. வாக்குக் கொடுத்தது, டீ குடித்தது, ஷட்டர் இறக்காதது, இடித்தது, எல்லாம் குரலை உயர்த்தாமல், ஒரு சொல் கூட்டாமல், பெயர் சொல்லாமல். கேட்டு முடித்தவர்கள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி அந்தக் கடையைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் அக்கா வாரம் முழுக்க மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக் காத்திருப்பார்.

கண்ணாடிக்காரர் சும்மா இருக்கவில்லை. முதலில் எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் கொடுத்துவிட்டார். அக்கா உட்காராமல், "நாக்காலி குடுப்பாரு, குடுத்த வாக்கத்தான் காப்பாத்தமாட்டாரு" என்று கூட்டத்துக்கு விளக்கினார். பிறகு நாங்கள் நின்றவுடன் பாட்டுப் போட ஆரம்பித்தார். அக்கா வாயை மூடிக்கொண்டு பருத்திப்பால் குடிப்பார். பாட்டு ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அடுத்து அந்த ஆள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று புகார் கொடுத்து ஒரு சப்-இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். வந்தவர் ஓரமாக நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பேரு இப்ப எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். "அதத்தான் சார் நானும் இம்புட்டு வருசமாக் கேக்குறேன்" என்றார் அக்கா.

மன்னித்துவிட்டால் மனசு லேசாகும் என்று கல்லூரித் தோழி ஒருவர் என் எதிரிலேயே புத்தி சொன்னார். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அவன் மன்னிப்புக் கேட்டானா? கேட்டா அப்பப் பாத்துக்கலாம். கேக்காமலே எடுத்துக் குடுக்க நான் என்ன ஆடித் தள்ளுபடியா?" அந்தத் தோழிக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

போன ரம்ஜானுக்கு பிரியாணி சாப்பிடப் போனபோது அன்வரையும் என்னையும் உட்காரவைத்து ஒரு விஷயம் சொன்னார். "என் மய்யித்த அந்தத் தெரு வழியாக் கொண்டு போகாதீங்க. அவன் இந்தத் தடவ ஷட்டர எறக்குவான். போட்டோக்காரன வேற வச்சுக்கிட்டு எறக்குவான். எங்கம்மாவுக்கு எறக்காதத எனக்கு எறக்கி அவன் நல்ல பேரு வாங்கிட்டுப் போக நான் விடமாட்டேன்." அன்வர் "என்னக்கா பேச்சு இது" என்று எழுந்து போய்விட்டார். நான் சரி என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கு அவர்மேல் அன்பு பொங்கிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமைக்கு வருகிறேன். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை எடுப்பது என்று முடிவாகியிருந்தது. அக்கா வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது ஃப்ளெக்ஸ் கடை செல்வம் எனக்குப் போன் செய்தான். எங்கள் நடைக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுப்பவன். "சார், ஜவுளிக்கடை மொதலாளி மேடத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் போடச் சொல்றாரு. மேல இருந்து கீழ வரைக்கும் கடை மொகப்பு பூரா மறையுற அளவு. மேடம் போட்டோ வேணும், அன்வர் அண்ணே தரமாட்டேன்ட்டாரு" என்றான். அந்த வீட்டில் பெண்களின் படத்தைப் போஸ்டரில் போடும் வழக்கமில்லை. அந்த ஆளுக்கு அது தெரியாது. இத்தனை வருடம் அவர்கள் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு அதுகூடத் தெரிந்துகொள்ளவில்லை.

ஒரு கணம் பேனரே வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு வேறொன்று தோன்றியது. "மேடம் படம் கெடைக்காது செல்வம். தெருவோட பழைய படம் ஒண்ணு அனுப்புறேன். மேடம் எடுத்தது. அதப் போடு, பொருத்தமா இருக்கும்" என்றேன். ராவுத்தர் மாடி முழுசாக நின்ற காலத்தில் அக்கா எதிர்ப்புறத்து மாடியிலிருந்து எடுத்த படம் அது. நெற்றிச்சுவரும் பெயரும் பளிச்சென்று தெரியும். அனுப்பிவிட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன்.

மிச்சத்தைச் செல்வம்தான் பிறகு சொன்னான். மாதிரியை முதலாளியின் போனுக்கு அனுப்பியிருக்கிறான். அவர் பார்த்தது, கைகூப்பி நிற்கும் தன் முகத்தை மட்டும்தான். "என் மொகம் சின்னதா இருக்குடா. இன்னும் பெரிசாக்கு. எடம் பத்தலைன்னா அந்தப் பழைய கட்டடத்த மேல தூக்கிவிடு" என்றாராம். செல்வம் தூக்கிவிட்டான். கட்டடத்தின் உச்சி பேனரின் உச்சிக்குப் போய்விட்டது. பேனரை மொட்டைமாடியிலிருந்து இறக்கிக் கட்டினார்கள். இடித்த இடத்துக்குக் கீழேயே, நீலக் கண்ணாடியை மறைத்துக்கொண்டு, 'அப்துல் காதர் ராவுத்தர் பெட்டி சாலை' என்ற எழுத்துகள் ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு வந்து நின்றன. அடியில் அவர் கும்பிட்டபடி இருந்தார்.

ஜனாஸா தெருமுனைக்கு வந்தபோது முன்னால் தோள் கொடுத்திருந்த அன்வர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் சிவந்திருந்தது. "கொல்லன் சந்து வழியாப் போங்க" என்று கூட்டத்திடம் சொன்னார். சந்தூக் சந்துக்குள் திரும்பியது. சந்திலிருந்த சின்னச் சின்னப் பட்டறைகளின் ஷட்டர்கள் எல்லாம் பாதிக்கு இறங்கின. நான் அப்போதுதான் அழுதேன்.

அந்த நேரத்தில் பெட்டிக்காரத் தெருவில் என்ன நடந்தது என்பதை பாண்டியம்மா என்னிடம் சொன்னார். கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. கண்ணாடிக்காரர் கையில் ரோஜா மாலையோடு, பேனருக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருக்கிறார். பக்கத்தில் வீடியோக்காரர். அவர் காமிராவைப் பார்த்து, "எங்க தெருவோட வரலாறே சாஞ்சிருச்சு. நாப்பதாம் நாள் ஃபாத்திஹா வரைக்கும் இந்த பேனர் இங்கன தான் இருக்கும். இது என் வாக்கு" என்று பேசியிருக்கிறார். அந்தக் காட்சி சாயங்காலத்துக்குள் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. பார்க்காதவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.

பேசி முடித்தும் ஜனாஸா வரவில்லை. மாலை வாடத் தொடங்கியிருக்கிறது. எதிர்ச்சாரியில் நின்ற கூட்டம் அவரைப் பார்க்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. கடைசியில் பாண்டியம்மாதான் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டிருக்கிறார். "ஏங்க மொதலாளி, ஒங்க தாத்தா பேரு அப்துல் காதருங்களா?"

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். "மொகம் செத்துப்போச்சு தம்பி" என்றார் பாண்டியம்மா. அந்த முகத்தை நான் பார்க்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. அக்கா பார்க்கவில்லையே என்ற வருத்தம் அதைவிடப் பெரிது.

மறுநாள் ஞாயிறு. நடையை நிறுத்திவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். நான் நிறுத்தவில்லை. நாங்கள் பருத்திப்பால் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபோது கடைப் பையன் ஒருவன் ஏணியில் ஏறிக் கயிற்றை அவிழ்க்கப் போனான். எதிர்ச்சாரியில் இருந்த அத்தனை போன்களும் மேலே உயர்ந்தன. அவன் கீழே பார்த்து, "அண்ணே, எல்லாரும் வீடியோ எடுக்குறாய்ங்க. நாப்பது நாள்னு நீங்கதான சொன்னீங்க?" என்று கத்தினான். கல்லாவிலிருந்து "எறங்குடா" என்று ஒரு குரல் வந்தது. ஏணியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அந்த மனிதர் தன் வாழ்நாளில் காப்பாற்றிய முதல் வாக்கு இதுவாகத்தான் இருக்கும்.

இது சாவு வீட்டில் செய்கிற காரியமா என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஓர் அம்மாவின் துக்க நாட்களில் சுவர் இடித்தவனிடம் இதைக் கேட்டீர்களா என்று திருப்பிக் கேட்டேன். எனக்கு வெட்கமில்லை. நல்ல தூக்கம் வருகிறது.

நாற்பதாம் நாள் பேனர் இறங்கும். இறங்கட்டும். அடுத்த ஞாயிறு காலை நான் பாண்டியம்மாவின் வண்டிக்குப் பக்கத்தில், அக்கா நின்ற இடத்தில் நிற்பேன். குதிரைக் காதில் தொடங்கிப் பேனர் வரைக்கும் சொல்வேன். கதை இப்போது கொஞ்சம் நீண்டிருக்கிறது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த இடமும், அந்தக் கோபமும்தான். வேண்டுமானால் இந்தக் கட்டுரையை முதலிலிருந்து இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ராவுத்தர் பெயர் இருக்கும், மண்டிக்காரரின் குதிரைகள் இருக்கும், பருத்திப்பால் விற்கிற பாண்டியம்மா இருப்பார். அந்த ஆளின் பெயர் எங்கேயும் இருக்காது.